கொம்புள்ள மாட்டின் வெண்ணெய்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னைக் கண்டால் முதலில் கேட்பது, எந்தக் கொம்பனியின் ஃபவுண்டேஷன் நல்லது என்றுதான். அடுத்தது, வியர்வைக்குக் கலையாத பொட்டு எங்கே வாங்கலாம் என்று. பிறகுதான் ஆறுதலாக உட்கார்ந்து, இவ்வளவு காலமாக வெள்ளவத்தையில் மணப்பெண் அலங்காரம் செய்தீர்களே அன்ரி, உங்களால் மறக்க முடியாத பெண் யார் என்று கேட்பார்கள். நான் சொல்லும் பதிலில் முழிப்பார்கள். ஏனென்றால் அவள் மணப்பெண்ணே இல்லை. வளர்ந்த பிள்ளைகளின் தாய். நமீபியா என்கிற நாட்டில், வறண்ட மலைப்பக்கத்தில், மாடு வளர்த்து வாழும் ஹிம்பா இனத்தைச் சேர்ந்தவள். பெயர் கவேசா. அவளை அலங்கரிப்பதற்காக ஒரு நாள் முழுக்க ஓடினேன். கடைசியில் என் பெட்டியில் இருந்த ஒரு சாமான்கூட அவள் உடம்பில் படவில்லை.

நான் என் அலங்காரக் கடையை ஒரேயடியாகப் பூட்டுவதற்குக் கொஞ்சக் காலம் முன்பு நடந்தது. கொழும்பில் ஒரு கலைவிழா. பல நாட்டு ஆட்டக் குழுக்களை அழைத்திருந்தார்கள். ஹிம்பாப் பெண்கள் நால்வர், அவர்களோடு மொழிபெயர்க்க பெட்ரஸ் என்ற இளைஞன். அவனும் அதே இனந்தான், நகரத்தில் படித்தவன், ஆங்கிலம் நன்றாகப் பேசுவான். அவர்களைக் கவனிக்கும் பொறுப்பு நிரூஷாவிடம். நான் அலங்கரித்து மணவறைக்கு அனுப்பிய பிள்ளைதான். அவள் தனியாகப் பொறுப்பெடுத்த முதல் விழா அது. விழா நாள் காலையில் அவளிடமிருந்து ஃபோன் வந்தது. அழுகிற குரல்.

"அன்ரி, உடனே வாங்கோ. இவை மேடைக்கு வரமாட்டினமாம்."

கடற்கரை ரோட்டில் ஒரு விருந்தினர் விடுதியில் அவர்களைத் தங்க வைத்திருந்தார்கள். போனேன். நால்வரும் கட்டிலில் இல்லாமல் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தொழில்காரியின் கண் முதலில் தலைக்குத்தான் போகும். என்ன தலை, பிள்ளைகளே! சடை சடையாகப் பின்னி, ஒவ்வொரு சடையும் சிவந்த மண்பூச்சுக்குள் இருந்தது. நுனியில் மட்டும் மயிர் குஞ்சமாக விரிந்திருந்தது. எங்களைப் போலவே அவர்களும் சவுரி வைத்துத்தான் நீளமாக்குகிறார்கள். இளையவள் ஒருத்தி சடைகளை முகத்தின் மேல் தொங்கவிட்டிருந்தாள். கவேசாவின் சடைகள் பின்னால் போய், உச்சியில் ஆட்டுத்தோலில் செய்த சிறிய மகுடம் ஒன்று இருந்தது. அதற்கு எரெம்பே என்று பெயர். கல்யாணமான பெண்ணின் அடையாளம். கழுத்துத் தாலியையும் கால்விரல் மிஞ்சியையும் பார்த்தே ஒருத்தியின் கதையைச் சொல்லிவிடும் எனக்கு, இவர்கள் தலையிலேயே எல்லாவற்றையும் எழுதி வைத்திருப்பது பிடித்துப் போயிற்று.

பிரச்சினை இதுதான். அவர்களுடைய பெட்டி ஒன்று விமானம் மாறிய இடத்தில் தவறிவிட்டது. அதற்குள்தான் ஒட்ஜிசே இருந்தது. பசு வெண்ணெயில் செங்காவிக் கல்லை அரைத்துப் போட்டு, வாசனைப் பிசினும் சேர்த்துக் குழைத்த பூச்சு. ஹிம்பாப் பெண்கள் காலையில் எழுந்ததும் உச்சி முதல் பாதம் வரை அதைப் பூசிக்கொள்வார்கள். அது பூசாமல் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டார்கள். வழியில் கையில் இருந்த கொஞ்சமும் தீர்ந்துபோய், உடம்பில் இருந்தது உதிரத் தொடங்கியிருந்தது. விழாக்காரர் கேட்டபடி மேலுக்குச் சுற்ற அழகான துணிகளைக் கொண்டுவந்திருந்தார்கள். அதில் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை.

"துணி இருக்குத்தானே?" என்று நிரூஷா ஆங்கிலத்தில் பெட்ரஸிடம் கெஞ்சினாள்.

அவன் கவேசாவிடம் கேட்டுவிட்டு எங்களிடம் திரும்பினான். "அம்மா சொல்கிறார், இப்படியே வெளியே வரச் சொல்வது, உங்களைக் குளியலறையிலிருந்து நேரே தெருவுக்கு வரச் சொல்வது மாதிரி."

நிரூஷா கெட்டிக்காரி. அவளிடம் உடனே ஒரு வழி இருந்தது. "அன்ரி, உங்கட ஃபவுண்டேஷன்ல சிவப்பைக் கலந்து அடிச்சு விடுங்கோ. மேடை லைட்டில ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது."

உங்களில் பாதிப்பேர் அதைத்தான் செய்வீர்கள். நானும் பெட்டியைத் திறந்தேன். இரண்டு மூன்று குழாய்களைப் பிதுக்கிக் கலந்து, என் புறங்கையில் பூசிக் காட்டினேன். நிறம் அச்சொட்டாக வந்தது. எனக்கே பெருமை. கவேசா என் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே, சின்னப் பிள்ளைக்கு மூக்குத் துடைத்து விடுகிற மாதிரி, தன் துணியால் அதைத் துடைத்துவிட்டாள். இதில் மாட்டின் வாசம் இல்லையாம். மாடு இல்லாத பூச்சு வெறும் அழுக்காம்.

பிள்ளைகளே, நிறம் சரியாக வந்துவிட்டால் எங்கள் வேலை முடிந்தது என்று நினைப்போம். எதிரே இருக்கிறவளுக்கு அந்த நிறம் என்னவாக இருக்கிறது என்று கேட்பதே இல்லை. நான் பெட்டியை மூடினேன். வெண்ணெய்தானே வேண்டும், வெள்ளவத்தையில் நெய்க்கா பஞ்சம்? கடைத்தெருவான காலி வீதிக்குப் போய், பெரிய கடையில் விலையுயர்ந்த நெய் டின் ஒன்றை வாங்கிக்கொண்டு வெற்றி வீராங்கனை மாதிரித் திரும்பி வந்தேன்.

கவேசா டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெட்ரஸிடம் ஏதோ கேட்டாள். அவன் தயங்கினான்.

"இது எந்த மாட்டினுடையது என்று கேட்கிறார்."

நிரூஷா அவசரத்தில் டின்னின் மேல் அச்சடித்திருந்த பசுவின் படத்தைத் தொட்டுக் காட்டினாள். "இந்த மாடுதான்!"

கவேசா படத்தை உற்றுப் பார்த்தாள். "இதை உனக்குத் தெரியுமா? எங்கே நிற்கிறது?" என்று பெட்ரஸ் வழியாக மிகவும் மரியாதையாகக் கேட்டாள். அவ்வளவுதான், நிரூஷாவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வெடித்தது. இளைய பெண்களும் சிரித்தார்கள். அந்த அறையில் அன்று கேட்ட முதல் சிரிப்பு அது.

விசயம் பகிடி இல்லை. ஹிம்பாக்களில் ஒவ்வொருவரும் தகப்பன் வழியில் ஒரு குலம், தாய் வழியில் ஒரு குலம் என்று இரண்டுக்கும் சொந்தம். தகப்பன் வழிக் குலத்துக்கு மாட்டு விலக்குகள் உண்டு. சில குலத்தாருக்குச் சில நிற மாடு ஆகாது. கவேசாவின் வீட்டாருக்குக் கொம்பில்லாத மாடு ஆகாது. அதன் பாலைக் குடிக்கமாட்டார்கள், கொழுப்பைத் தொடமாட்டார்கள். எனக்கு அது விளங்கக் கனநேரம் எடுக்கவில்லை. விரத நாளான வெள்ளிக்கிழமை வீட்டில் முட்டைக்கோது விழுந்தாலே பூகம்பம் வருகிற குடும்பத்தில் பிறந்தவள் நான். அவளைப் பார்த்து, "சரி, கொம்புள்ள மாடு பார்ப்பம்" என்றேன். கொழும்பில் கொம்புள்ள மாட்டுக்கு எங்கே போவேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நிரூஷாவின் வான் வண்டியில் ஏறினோம். கவேசா, பெட்ரஸ், நிரூஷா, நான். கொட்டாஞ்சேனையில் நான் பழகிய நாட்டு மருந்துக்கடை இருக்கிறது. முதலில் அங்கே நிறுத்தச் சொன்னேன். "மல்லி, மெஹே நவத்தன்ன" என்று சாரதியிடம் சிங்களத்தில் சொல்லி இறங்கி, பூங்காவி கேட்டேன். செங்காவிக் கல்லுக்கு எங்கள் மருந்துக்கடைப் பெயர் அது. கடைக்காரர் தூள் ஒன்றையும் கல் ஒன்றையும் எடுத்து வைத்தார். தூள்தான் பளிச்சென்று அழகாக இருந்தது. இரண்டையும் வான் கதவருகே கொண்டுபோய் நனைத்து மணிக்கட்டில் தேய்த்தேன். கல்லின் சிவப்புக் கழுவப் போயிற்று. தூளின் சிவப்பு தோலுக்குள் இறங்கி நின்றது. சாயம் கலந்த சரக்கு. தெரியாத பொருளை முதலில் உங்கள் தோலில் போட்டுப் பாருங்கள் என்று நான் கத்துவது இதற்குத்தான். கவேசா என்னைக் கேட்காமலே கல்லை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கடைக்காரர் கொண்டுவந்து நீட்டிய சாம்பிராணியையும் மணந்து பார்த்து ஒரு கை அள்ளினாள். கடைவாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவள் கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்தாளே தவிர வானை விட்டு முழுதாக இறங்கவில்லை. துணியை இழுத்து இழுத்துக் கையை மறைத்துக்கொண்டாள். பூச்சு உதிர்ந்த தோலைப் பிறர் காண்பது அவளுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேடையைவிட இது பெரிய விசயம் என்று மனம் சொல்லிற்று.

கடைக்காரர்தான் மட்டக்குளியில் ராசாத்தி என்ற பெண் மாடு வைத்திருப்பதாகச் சொன்னார். கோயிலுக்குப் பால் கொடுப்பவளாம். தொடர்மாடி வீடுகளுக்குப் பின்னால், ஆற்றங்கரைப் பக்கம், தகரக் கொட்டகை. நாங்கள் போகும்போது ராசாத்தி சாணம் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"வாங்கம்மா, வாங்க. யாரும்மா இவங்க? தலையில மகுடமெல்லாம் வச்சிருக்காங்க!"

நான் பதில் சொல்லி முடிக்கவில்லை, கவேசா எங்களையெல்லாம் விலக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டாள். உள்ளே மூன்று பசுக்கள். அதில் ஒரு கறுப்புப் பசுவுக்கு வளைந்த கொம்பு. அதன் கழுத்தடியில் கையை வைத்துத் தடவி, காதருகே ஏதோ பாடத் தொடங்கினாள். மாட்டை அதன் அழகு சொல்லிப் பாடுவது அவர்கள் வழக்கம் என்று பெட்ரஸ் சொன்னான். விடுதியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் எங்கே போனாள்? கையை மறைக்க மறந்துவிட்டாள், துணி நழுவிச் சாணத்தில் இழுபட்டது. மாடு தலையை ஆட்டியது. ராசாத்தி வாயில் கையை வைத்துக்கொண்டு, "கறுப்பி யாரையும் கிட்ட சேக்காதேம்மா!" என்றாள்.

ராசாத்தியின் ஃபிரிட்ஜில் வெண்ணெய் இருந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அது மூன்று மாட்டுப் பாலையும் சேர்த்துக் கடைந்தது. மற்ற இரண்டில் ஒன்றுக்குக் கொம்பில்லை. மொட்டைத் தலை.

நிரூஷா என்னை ஓரமாக இழுத்தாள். மணியைப் பார்த்துக்கொண்டே, "அன்ரி, சொல்லாமல் விடுவம். கறுப்பின்ர வெண்ணெய் எண்டு குடுப்பம். பெட்ரஸுக்கும் தமிழ் விளங்காது. ஆருக்குத் தெரியப்போகுது?" என்றாள்.

ஒருவருக்கும் தெரியாது. உண்மைதான். அந்த இடத்தில் எனக்கு மாளிகாவத்தை முஸ்லிம் பிள்ளை ஒருத்தி நினைவுக்கு வந்தாள். நிக்காஹ் நாள், முகம் முழுதும் முடித்துவிட்டேன், மாப்பிள்ளை வீட்டார் கீழே வந்துவிட்டார்கள். அவள் கண்ணை மூடியபடியே கேட்டாள்: "அன்ரி, இந்தக் கிரீம்ல பண்டிக் கொழுப்பு ஒண்ணும் இல்லத்தானே?" எனக்குத் தெரியாது. டப்பாவைப் படித்தேன், அதிலும் விளங்கவில்லை. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாக எழும்பிப் போயிருப்பாள். எல்லாவற்றையும் துடைத்தேன். நல்லெண்ணெயும் கண்மையும் கொஞ்சம் பவுடரும் போட்டு, தெரிந்த சாமானை மட்டும் வைத்து முடித்தேன். தாமதம் என்று அவள் மாமிமார் என்னை உரித்தெடுத்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளை வெளிச்சமான முகத்தோடு படியிறங்கிப் போனாள்.

எங்களிடம் வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தருகிறார்கள், பிள்ளைகளே. மூடிய கண்ணுக்கு முன்னால் பொய் சொல்வது வெகு சுகம். அதனால்தான் சொல்லக்கூடாது.

நிரூஷாவிடம், "உன்ர முகத்தில நான் என்ன பூசினனான் எண்டு உனக்கு இண்டைக்கும் தெரியாது. தெரியாமல் என்னை நம்பினனீ" என்றேன். நான் ராசாத்தியிடம் விசயத்தை விலாவாரியாகச் சொன்னேன்.

ராசாத்தி கொஞ்ச நேரம் கறுப்பியைப் பார்த்தாள். "கறுப்பி வெண்ணெ தனியாத்தாம்மா இருக்கு. கன்னு போட்டதுக்கு நேந்துக்கிட்டேன். மொத வெண்ணெ சாமி வெளக்குக்கு. இன்னும் குடுக்கல."

"சாமிக்கு வைச்சதைக் கேக்கேலாது" என்றேன். மனம் விழுந்துவிட்டது.

"எதுக்கும்மா கேக்குறாங்க? ஒடம்புல பூசவா?" அவள் சிரித்தாள். "எங்க பிள்ளையாருக்கும் வெண்ணெக் காப்புன்னு ஒடம்பு பூரா பூசத்தானே செய்றாங்க. எடுத்துக்கட்டும்மா. சாமிக்கு நான் சொல்லிக்கிறேன்."

உள்ளே போய் ஒரு சட்டியைக் கொண்டுவந்தாள். வெள்ளை வெளேரென்று வெண்ணெய். பிரச்சினை முடிந்தது என்று நிரூஷா கைதட்டினாள். ஆனால் பெட்ரஸ், ராசாத்தி சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொல்லக் கேட்டு அப்படியே கவேசாவிடம் சொல்லிவிட்டான். கவேசா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

அவர்கள் ஊரில் ஒவ்வொரு குடியிருப்பிலும் மூதாதையரின் நெருப்பு ஒன்று அணையாமல் இருக்கும். வீட்டு வாசலுக்கும் மாட்டுப் பட்டிக்கும் நடுவே. அந்த நெருப்பருகே பெரியவர் பாலை ருசி பார்த்த பிறகுதான் மற்றவர்கள் வாயில் படும். "உன் நெருப்புக்கு வைத்ததை அதற்கு முன்னால் நான் எப்படித் தொடுவேன்?" என்று ராசாத்தியிடம் கேட்டாள். இப்படி ஒரு சிக்கலை நீங்கள் கண்டதுண்டா? கொடுக்கிறவள் கொடுக்கத் தயார், வாங்க வந்தவள் வாங்க மாட்டேன் என்கிறாள், நேரம் ஓடுகிறது, நிரூஷா தலையில் கைவைத்து மாட்டுத்தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அது எனக்குச் சுலபமாக வருகிற வேலை இல்லை. ஆனால் இரண்டு வீட்டுக்காரிகள் தங்கள் தங்கள் சாமியைப் பற்றிக் கதைக்கும்போது மேக்கப் போடுகிறவளுக்கு அங்கே என்ன வேலை?

ராசாத்திதான் முடிவெடுத்தாள். "அப்ப மொதல்ல சாமிக்கு" என்றாள். ஒரு கரண்டி வெண்ணெயை எடுத்து அடுப்பில் உருக்கினாள். கொட்டகைத் தகரத்தில் ஒட்டியிருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால், சின்ன அகலில் ஊற்றித் திரி போட்டு ஏற்றினாள். சுடர் நிமிர்ந்து எரிந்தது. கவேசா சுடரைப் பார்த்தாள், ராசாத்தியைப் பார்த்தாள், கறுப்பியையும் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் சட்டியை வாங்கிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோசத்தில்தான். பெட்ரஸ் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். நிரூஷா ராசாத்தியைக் கட்டிப்பிடித்து, "நீங்களும் வாங்கோ, முன் வரிசையில இருங்கோ" என்றாள்.

"சாணிக் கையோட வரமுடியுமா? குளிச்சிட்டு வாறேன்" என்றாள் ராசாத்தி.

விடுதி அறையில் புகை போட்டால் அலாரம் அலறும் என்பதால் எல்லாரையும் என் வீட்டு மொட்டைமாடிக்குக் கூட்டிப் போனேன். கவேசா என் அம்மியில் பூங்காவியை அரைத்தாள். இன்றைக்கும் அந்த அம்மி சிவப்புத்தான். வெண்ணெயில் குழைத்து, சாம்பிராணியைச் சட்டித் தணலில் போட்டு, துணியால் மூடிப் புகைக்குள் உட்கார்ந்தார்கள். அவர்கள் நாட்டில் தண்ணீர் அருமை, பெண்களுக்குப் புகைதான் குளியல். பிள்ளை பெற்றவளுக்குச் சாம்பிராணிப் புகை பிடிக்கிற எங்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் காரியத்தை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். "அன்ரி, எங்களுக்கும் பூசுவினமோ?" என்று ஒருத்தி கூவினாள். ஒருத்தி மற்றவளுக்கு முதுகில் பூசிவிட, மற்றவள் அவளுக்குச் சடை நீவிவிட, கதையும் சிரிப்புமாக ஒரு கல்யாண வீட்டுக் காலை மாதிரி இருந்தது. கீழே கடல் பக்கமாக ரயில் போனபோது நால்வரும் எழும்பி நின்று கையசைத்தார்கள். நான் பட்டுச்சேலை உடுத்து, என் கொண்டையில் பூ வைத்து, என் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். முடித்து எழும்பியபோது கவேசாவின் உடம்பு வெயிலில் பளபளத்தது. துணியை அவள் இழுத்து மூடவில்லை. தோளை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

வானுக்குப் போகும் நேரம். சட்டியின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கவேசா அதை விரலால் வழித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். என் சேலையை, வளையலை, முகத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பெட்ரஸிடம் ஏதோ சொன்னாள்.

"எல்லாரும் ஆயத்தமாகிவிட்டோம், நீங்கள் மட்டும் இன்னும் உடுத்தவில்லையாம்" என்றான் அவன்.

பதிலுக்குக் காத்திருக்காமல் என் கையைப் பிடித்து, தோளிலிருந்து விரல் நுனிவரை மெதுவாகப் பூசினாள். மற்றக் கைக்கும் அப்படியே. வெண்ணெயும் மண்ணும் சாம்பிராணியுமாக ஒரு வாசம். எத்தனை ஆயிரம் பெண்களின் கையைப் பிடித்துப் பூசியிருப்பேன். என் கல்யாணத்துக்குப் பிறகு ஒருவரும் என்னைப் பிடித்து உட்காரவைத்துப் பூசிவிட்டதில்லை. அது அந்த நிமிடம்வரை எனக்குத் தோன்றியதுமில்லை. சேலைக் கரையெல்லாம் சிவப்பாகிவிட்டது. நல்ல காஞ்சிபுரம். நான் கவலைப்படவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் எனக்கு ஒரு பக்கம் ராசாத்தி, தலைக்குக் குளித்து மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு. திரை விலகி நால்வரும் சிவந்து மினுங்கிக்கொண்டு வந்து காலைத் தட்டிக் கைகொட்டி ஆடத் தொடங்க, "கறுப்பி வெண்ணெம்மா அது!" என்று ராசாத்தி மண்டபம் கேட்கச் சொன்னாள். மறுபக்கம் இருந்த, எனக்கு முன்பின் தெரியாத சீமாட்டி ஒருவர் என் கைகளைப் பார்த்துப் பதறிப்போனார்.

"ஐயோ, கை முழுக்க ஏதோ பட்டுக் கிடக்கு. துடைக்க ரிஷூக் கடதாசி தரட்டே?"

"வேண்டாம்" என்றேன். "இப்பதான் உடுத்தினனான்."